பத்து வருஷமாக மரமில்லாத நிலம்

மேலகரம்,
27 மார்ச் 2024

அன்புள்ள வித்யாவுக்கு,

நான் நலம். நீயும் அபர்ணாவும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, என்னிடம் சொல்ல வேண்டியதை இனிமேல் எழுதி அனுப்புங்கள் என்று நீ சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகளோடு ஞாயிற்றுக்கிழமை போன், பெண்டாட்டியோடு தபால். போஸ்ட்மேன் என்னைக் கண்டாலே சிரிக்கிறார். "அண்ணாச்சி, இந்தக் காலத்துல யாருக்கு இம்புட்டு எழுதுதீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரிக்குத்தான் என்றேன். நம்பவில்லை.

முந்தாநாள் பங்குனி உத்திரம். நம் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தோம். கல்யாணமான பெண் புருஷன் வீட்டு சாஸ்தாவுக்குத்தான் வர வேண்டும் என்பது உனக்குத் தெரியாததில்லை. இந்த இரண்டு வருஷமும் நீ வரவில்லை. "ஸ்ரீவித்யா வரலியா?" என்று கேட்காத ஆளில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். சாஸ்தாவிடமும் அதையேதான் சொன்னேன்.

அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பனியன் கம்பெனி பண்பொழி மலையடிவாரத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காடு வளர்க்கப் போகிறதாம். அபர்ணா சொன்னாள். அது அமைந்தால் தென்காசியில் ஆபீஸ் போட்டு உன்னையே பொறுப்பாளராக அனுப்புவார்களாமே! இதை நீ அல்லவா எனக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும்? கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் ஆவுடையப்பன் அண்ணாச்சியும் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். நம் ஆறு ஏக்கர் நட்டநடுவில் கிடப்பதால் அது சேராவிட்டால் மொத்தமும் நடக்காதாம். முப்பது வருஷக் குத்தகை என்கிறார். நீ வருவாய் என்றால் முந்நூறு வருஷத்துக்குக்கூட எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

உடனே பதில் எழுது.

உன்
விஜயசங்கர்


திருப்பூர்,
9 ஏப்ரல் 2024

திரு. விஜயசங்கர் அவர்களுக்கு,

பன்னிரண்டு வயசுப் பிள்ளை சொன்னதை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஒரு பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குள் எவ்வளவு புகை விடுகிறோம் என்று அங்கே வாங்குகிறவர்கள் இப்போது கணக்குக் கேட்கிறார்கள். சாயப்பட்டறை பாய்லர், ஜெனரேட்டர், லாரி, கப்பல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். விட்ட புகைக்கு ஈடாகக் காடு வளர்த்துக் காட்டினால் கணக்கு நேராகும். அந்தக் காட்டுக்கு ஒரு விதி உண்டு. பத்து வருஷமாக மரமில்லாத நிலத்தில்தான் நட வேண்டும். இருந்த மரத்தை வெட்டிவிட்டு, இதோ புதிதாக நட்டேன் என்று யாரும் கதை விடக்கூடாதே, அதற்காக. உங்கள் நிலத்தில் ஓடைக்கரை முழுக்க நாவல் மரம் நிற்கிறது. ஆகவே அது சேராது. ஆவுடையப்பனிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதில் வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது. தென்காசி எனக்கும் ஊர்தானே. ஆனால் அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். என்னைக் கேட்காமல் என் ஸ்கூட்டரை விற்றுக் கார் வாங்கினீர்கள், எனக்காக. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதுகூட உங்களுக்கு உறைக்கவில்லை. இந்த வேலை கிடைத்தபோது, அவள் வர மாட்டாள் என்று திருப்பூருக்கு நீங்களே போன் போட்டுச் சொன்னீர்கள். அதுவும் எனக்காக. அந்த ஒரு போனுக்குத்தான் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அபர்ணா நன்றாகப் படிக்கிறாள். நாவல் பழம் தின்று நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் போட்டோவை மேஜையில் வைத்திருக்கிறாள். இந்த ஆனியில் பழுத்தால் பஸ்ஸில் கொஞ்சம் போட்டு அனுப்புங்கள். அது போதும்.

இப்படிக்கு,
ஸ்ரீவித்யா


மேலகரம்,
11 ஜூன் 2024

அன்புள்ள வித்யாவுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் மெயின் அருவியில் நல்ல தண்ணீர். காரும் வேனுமாக மேலகரத்தில் ரோட்டைக் கடக்கவே பத்து நிமிஷம் ஆகிறது. துணி காயவில்லை. இங்கன இருந்திருந்தால் காலையிலிருந்து ராத்திரி வரை சாரலைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பாய்.

நல்ல சேதி ஒன்று. உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பையன்கள் வந்து நிலத்தை அளந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் நிலம் பாஸ்! ஆவுடையப்பன் அண்ணாச்சி லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மாடி அறைக்கு வெள்ளையடித்து, உன் பீரோவை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். அபர்ணாவுக்குத் தென்காசியில் ஒரு ஸ்கூலில் சொல்லி வைத்துவிட்டேன். பாதியில் வந்தாலும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லுகிறார்கள்.

நாவல் மரங்களைப் பற்றிக் கேட்பாய். அவை போன மாதம் அடித்த காற்றில் சாய்ந்துவிட்டன. வயசான மரங்கள்தானே. இந்த வருஷம் பழம் அனுப்ப முடியாது. அபர்ணாவிடம் பக்குவமாகச் சொல்.

எப்போது வருகிறாய்?

உன்
விஜயசங்கர்


திருப்பூர்,
24 ஜூன் 2024

விஜயசங்கருக்கு,

வானத்திலிருந்து எடுக்கும் படங்கள் மாதாமாதம் எங்களுக்கு வரும். ஜனவரிப் படத்தில் ஓடைக்கரை நெடுகக் கறுப்பாக மரங்கள். ஏப்ரலிலும் இருக்கின்றன. ஜூன் படத்தில் வெறும் மண். பக்கத்துத் தோப்புத் தென்னைகள் ஒன்றுகூடச் சாயவில்லை. வைக்கோல் போர் அப்படியே இருக்கிறது. அந்தக் காற்று உங்கள் நாவலை மட்டும் விலாசம் கேட்டுத் தேடி வந்ததா?

முந்தாநாள் ஆபீஸில் அந்தப் படத்தைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன். பத்து வருஷமாக மரம் இருக்கக்கூடாது என்று உங்களுக்கு எழுதியது யார்? நான்தானே. அரிவாளை நானே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆபீஸ், ஸ்கூல், பீரோ எதைப் பற்றியும் எழுத வேண்டாம். ஒரே கேள்வி. வெட்டினீர்களா, இல்லையா?

ஸ்ரீவித்யா


மேலகரம்,
2 ஜூலை 2024

வித்யா,

ஆமாம். வெட்டினேன்.

மே மாதம், நல்ல வெயிலில். மரம் வெட்டுகிற மாடக்கண்ணுதான் மெஷின் வாளோடு வந்தான். "அண்ணாச்சி, காய்க்குத மரத்த எதுக்கு வெட்டச் சொல்லுதீங்க? கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று அவனும் கேட்டான். உன் வேலையைப் பாருலே என்று அதட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று. அடிக்கட்டைகளை மண்ணைப் போட்டு மூடி, மேலே முள்ளை வெட்டிப் பரப்பினேன். உங்கள் பையன்கள் அதன் மேலேயே நின்று படம் பிடித்தார்கள்.

யாருக்காக? எனக்கு என்ன, காட்டை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? உன்னை வா வா என்று கூப்பிட்டு அலுத்துவிட்டேன். நீ வர மாட்டாய். கம்பெனி அனுப்பினால் வருவாய். சரி, கம்பெனியே அனுப்பட்டும் என்று நினைத்தேன். அது அவ்வளவு பெரிய பாவமா? மரம் மறுபடியும் வைக்கத்தானே போகிறார்கள்? போனதைப் போலப் பத்து மடங்கு வைக்கப் போகிறார்கள். எனக்கு உன் கணக்கு புரியவில்லை, வித்யா.

போன வாரம் ஜாஹிரா பீவி வந்தார். வருஷா வருஷம் நம் பழத்தை மொத்தமாகப் பேசி எடுத்து, குற்றால சீசனில் கூடை வைத்து விற்பாரே, அவர்தான். வெறும் கரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மரத்த வெட்டிட்டு மரம் வைக்கப் போறீகளாமே தம்பி? இதுக்கு யாரு யோசனை சொன்னது?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் நிலம், என் மரம், உமக்கென்ன என்று கத்திவிட்டேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள். கட்டைகளை ஏற்றிக்கொண்டு போன விறகு லாரிக்காரனிடம் எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டேன். "திருப்பூர் பக்கம் அண்ணாச்சி, சாயப்பட்டறை பாய்லருக்கு" என்றான். அந்தக் கட்டைகளை, உன்னைக் கூட்டி வரச் சொல்லி நான் அனுப்பிய ஆள் என்று வைத்துக்கொள்.

திட்டு. ஆனால் பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

விஜயசங்கர்


திருப்பூர்,
20 ஜூலை 2024

விஜயசங்கருக்கு,

அந்த லாரியைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எங்கள் பாய்லருக்குத்தான் வந்ததா, வேறு யாருடையதற்கோ போனதா, தெரியாது. ஆனால் இப்போது தினமும் விறகுக் குவியலைத் தாண்டித்தான் போகிறேன். பார்க்காமல் போக முடியவில்லை.

இரண்டு படங்களையும் எங்கள் ஜெனரல் மேனேஜரிடம் காட்டினேன். சிரித்தார். "பழைய படம் எதுக்கு மேடம்? இப்ப வெறும் நிலம்தானே? உங்க வீட்டு நிலம் வேற, சந்தோஷப்படுங்க" என்றார். எழுத்தில் கொடுத்தேன். வாங்கி டிராயருக்குள் போட்டுவிட்டார். என் வாயை அடைக்கத்தான் தென்காசிப் பதவி என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பரில் வெளியிலிருந்து ஆடிட்டர் வருவார். பழைய படங்களை மேனேஜர் அவர் கண்ணில் காட்ட மாட்டார். நிலத்துக்காரரிடம் நேரில் கேட்பார், முன்பு இங்கே மரம் இருந்ததா என்று. நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார். அதுதான் நிற்கும்.

இருந்தது என்று சொன்னால் உங்கள் நிலம் கழிந்துவிடும். நடுநிலம் போனால் மொத்தமும் போகும், கம்பெனி வேறு ஜில்லாவுக்குப் போய்விடும். நான் தென்காசிக்கு வர வழியில்லை. இல்லை என்று சொன்னால் என்னை அனுப்புவார்கள். இது மரமே இல்லாத நிலமாக இருந்தது என்று வருஷா வருஷம் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நான் உடன்பட மாட்டேன். அன்றைக்கே வேலையை விட்டுவிடுவேன். விட்டுவிட்டு மேலகரத்துக்கு வருவேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சும்மா இருந்துவிட்டால் என்ன என்று எனக்கும் ஒரு நாள் தோன்றியது. அபர்ணா ஸ்கூலுக்கு நடந்து போவதும், சாரலில் நான் துணி காயவில்லையே என்று திட்டுவதும் எல்லாம் மனசில் ஓடியது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்காக என்று சொல்லிக்கொண்டு எதையும் சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.

ஸ்ரீவித்யா


மேலகரம்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள வித்யாவுக்கு,

ஆடிட்டர் வந்து போய்விட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது இல்லை என்று சொல்வதாகத்தான் இருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீ கோபத்தில் எழுதுகிறாய், வேலையை விட மாட்டாய், வந்து சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பண்பொழி வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அங்கே உன் ஜெனரல் மேனேஜர், ஆவுடையப்பன் அண்ணாச்சி, பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா. தமிழ் கொஞ்சம் வருகிறது. "நீங்கதான் ஓனரா? இங்கே முன்னாடி மரம் இருந்துச்சா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, "என்னத்த மரம் மேடம், இங்கன புல்லே ஒழுங்கா மொளைக்காது" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டேன், வித்யா. பாதி ஆட்டிவிட்டேன்.

அப்போது உன் ஜெனரல் மேனேஜர் என் தோளில் கையைப் போட்டார். "சார் நம்ம ஆளு. நம்ம ஸ்ரீவித்யா மேடம் ஹஸ்பெண்ட். இந்தப் ப்ராஜெக்ட் தென்காசிக்கு வரணும்னு அவங்களுக்குத்தான் ரொம்ப ஆசை. எல்லாம் அவங்களுக்காகத்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நீ இல்லாத இடத்தில், உன்னைக் கேட்காமல், உன் பெயரைச் சொல்லி ஒருத்தன் உனக்காகப் பேசுகிறான். அவன் கையைத் தட்டிவிட வேண்டும் என்று வந்தது. இதைத்தானே பதினாலு வருஷமாக நான் செய்துகொண்டிருந்தேன் என்று அடுத்த நிமிஷம் வந்தது. எதிரே கண்ணாடி வைத்தது போலிருந்தது.

"இருந்துச்சும்மா. நாவல் மரம். நான்தான் வெட்டுனேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் முள்ளை இழுத்துப் போட்டு மண்ணைக் கையால் ஒதுக்கினேன். மூடின மண்ணைப் பிளந்துகொண்டு கட்டையைச் சுற்றிச் சாண் உயரத்துக்குச் செம்புக் கலரில் துளிர் விட்டிருந்தது. ஜாஹிரா பீவி வந்து போனதிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த அம்மா குனிந்து ஒவ்வொரு கட்டையையும் படம் எடுத்துக்கொண்டார். உன் ஜெனரல் மேனேஜர் அப்போதே காரில் ஏறிவிட்டார்.

எல்லாம் போயிற்று. கம்பெனி இனி இந்தப் பக்கம் வராது. குத்தகைப் பணத்தை நம்பியிருந்தவர்கள் என்னோடு பேசுவதில்லை. அண்ணாச்சி நடுரோட்டில் வைத்து, "ஏலே, பொண்டாட்டிய கூட்டியார வக்கில்ல, ஊருக்கு வந்ததையும் கெடுத்துட்டியே" என்றார். டீக்கடையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் சொன்னதில் பாதி நிஜம்.

நீ வர இருந்த ஒரே வழியை என் வாயாலேயே அடைத்துவிட்டேன். இதை உனக்காகச் செய்தேன் என்று எழுத மாட்டேன். எனக்குத் தாங்கவில்லை, அதனால் சொன்னேன்.

விஜயசங்கர்


மேலகரம்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள வித்யாவுக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. போஸ்ட்மேன் இப்போது சிரிப்பதில்லை, என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போகிறார்.

உன்னை பாக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டதாக அபர்ணா சொன்னாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறாயாம், ராத்திரி கால் வலிக்கிறதாம். கேட்டதும் ரத்தம் கொதித்தது. அந்த மேனேஜரின் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போதுதான், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

ஜாஹிரா பீவி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். "பழம் எப்ப வரும்னு சொல்லுங்க தம்பி, மத்ததெல்லாம் எதுக்கு?" என்றார். மூன்று வருஷமாவது ஆகும் என்றேன். உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னார்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணம். துளிர்கள் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு கட்டையிலும் பத்துப் பன்னிரண்டு தண்டு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. "நல்லதா ஒண்ண விட்டுட்டு மத்ததக் கழிச்சிரணும் அண்ணாச்சி. இல்லன்னா மரமாகாது, புதராப் போயிரும்" என்று மாடக்கண்ணு சொல்லுகிறான். அரிவாளோடு காலையிலேயே வந்துவிட்டான். முதல் கட்டையில் எதை விடுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து ஒரு தண்டைப் பிடித்தும்விட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். சும்மா வந்தவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எதை விட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும், வித்யா? உன்னைக் கேட்கிறேன். பதினாலு வருஷத்தில் நான் உன்னிடம் இப்படிக் கேட்டதாக ஞாபகமில்லை. நீ சொல்லும்வரை தொட மாட்டேன். சொல்லாவிட்டால் புதராகவே இருக்கட்டும்.

விஜயசங்கர்


திருப்பூர்,
24 மார்ச் 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதங்கள் வந்தன. செப்டம்பர்க் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த மெஷின் வாள் சத்தம் காதில் கேட்கும், பேனாவை மூடிவிடுவேன். என் கோபம் இன்னும் தீரவில்லை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பாக்கிங்கில் கால் வலிப்பது நிஜம். மேனேஜரிடம் கேட்க வேண்டியதை நானே கேட்டுவிட்டேன். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கதையைச் சொன்னபோது அபர்ணா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

தண்டுகளில் ஒன்றையும் தொட வேண்டாம். பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரல் பதினொன்று பங்குனி உத்திரம். அதற்குள் அபர்ணாவுக்கு முழுப் பரீட்சை முடிந்துவிடும். பத்தாம் தேதி ராத்திரி பஸ்ஸில் ஏறி விடியற்காலை தென்காசியில் இறங்குவோம். நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வரலாம். நம் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, மத்தியானம் ஓடைக்கரைக்குப் போவோம். கோயிலில் யாராவது கேட்டால் என் சார்பாக நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன். பீரோவைப் பழைய இடத்திலேயே போடுங்கள், ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கும்.

திரும்பி வருவதற்கு நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. எடுப்பேனா என்று எனக்கே தெரியாது. தயவுசெய்து அதை நீங்கள் எடுத்துவிடாதீர்கள்.

வித்யா